டி.சி. வாங்கப் போன நாள்

இது நடந்து முப்பது வருடம் இருக்கும். அப்போது நான் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரம். விடிந்ததும் படகில் ஏறிப் பழவேற்காட்டுக் கரைக்கு வந்து, டச்சுக் கல்லறை மதிலை ஒட்டி ஓட்டமாய் ஓடி பஸ்ஸைப் பிடித்து, கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது பாதி நாள் முதல் வகுப்பு ஆரம்பித்திருக்கும். குனிந்த தலையோடு கடைசி பெஞ்சில் போய் உட்காருவேன். யாருடனும் பேச மாட்டேன். பேசினால் 'இன்னா', 'அப்பால' என்று வந்துவிடும், சிரிப்பார்கள் என்ற பயம்.

அந்த செமஸ்டரின் முதல் இன்டர்னல் தேர்வு முடிந்து பத்து நாள் விடுமுறை விட்டார்கள். விடுமுறைக்கு முந்தின நாள் மதிப்பெண் பட்டியலை ஒட்டினார்கள். ரியல் அனாலிசிஸ் பாடத்தில் எனக்கு ஐம்பதுக்கு ஒன்பது. பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். ஆசிரியர் போர்டில் எழுதியதை அப்படியே பார்த்து எழுதுவேனே தவிர, எதற்கு எழுதுகிறேன் என்று தெரியாது. அந்த ஒன்பதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறும்போதே இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவராது என்று தோன்றிவிட்டது. வீட்டில் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

வீட்டில் வேறு கவலை. அந்த வருடம் ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி அடைந்துபோயிருந்தது. கடலும் ஏரியும் சேரும் அந்த வாய் அடைத்துக்கொண்டால் ஏரி செத்த மாதிரிதான். கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. தண்ணீர் வற்றிச் சூடாகி, மீன் மிதக்க ஆரம்பிக்கும். அதற்கு முந்தின வாரம் நைனாவின் காலில் திருக்கை மீனின் முள் ஏறி, கணுக்கால் வரை வீங்கியிருந்தது. என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தரையில் கால் ஊன்ற முடியாமல் பாயில் கிடந்தார்.

விடுமுறையின் நான்காம் நாள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். சுற்று ஊர்களெல்லாம் சேர்ந்து முகத்துவாரத்தை வெட்டித் திறப்பது, வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று முடிவானது. வராத வீட்டுக்கு அந்தப் பருவம் பாடு கிடையாது. ஏரியில் எந்த இடத்தில் எந்த வீட்டுக்காரர் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊரில் முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பாடு. அது போனால் அடுத்த ஆறு மாதம் நைனா கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆண் துணை இல்லாத வீடுகளுக்கு விதிவிலக்கு உண்டு. எங்கள் வீட்டில் நைனா இருக்கிறாரே!

சேதி கேட்டதும் நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டடி வைப்பதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது. அம்மா அவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நான் போறேன்" என்றேன்.

"நீ போய் இன்னா பண்ணப்போற? அங்க வர்றதெல்லாம் ஆம்பளைங்க."

"மண்ணுக்கு இன்னா நைனா தெரியும், வெட்றது ஆம்பளையா பொம்பளையான்னு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். குடும்பத்துக்காக மட்டும் நான் போகவில்லை. புத்தகப் பையைத் திறக்காமல் இருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதில் உள்ளுக்குள் நிம்மதிதான்.

மறுநாள் காலை படகில் போய் இறங்கினேன். முகத்துவாரம் இருந்த இடத்தில் கண்ணுக்கு எட்டிய வரை வெறும் மணல்மேடு. ஒரு பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் ஏரி சத்தமே இல்லாமல் கிடந்தது. முந்நூறு ஆண்களாவது இருப்பார்கள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர் நோட்டைப் பிரித்து வீட்டுக்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். நைனா பெயர் வந்ததும், "இருக்கேன்" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் யாரோ, "காலேஜு பொண்ணுப்பா" என்று சொல்லிச் சிரித்தார். சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்திருந்த வாட்டசாட்டமான ஒருவர், "காலேஜு படிக்கிற பொண்ணுன்றீங்க, மண்வெட்டி எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். பஞ்சாயத்துக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு, "கூடை தூக்குற வரிசைல நில்லும்மா" என்றார்.

வெட்டுகிறவர்கள் கூடையில் மணலை நிரப்பித் தருவார்கள். அதை வாங்கிக் கைமாற்றி மேட்டுக்கு அப்பால் கொட்ட வேண்டும். ஈர மணல் என்ன கனம் கனக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் நாள் மதியத்துக்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. இரண்டாம் நாள் கொப்பளங்கள் உடைந்து உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. மூன்றாம் நாள் துணி சுற்றிக்கொண்டு போனேன். யாரும் பரிதாபப்படவில்லை. கூடை வந்துகொண்டே இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அமாவாசையன்று காலை கடல் நன்றாக ஏறும், அப்போது திறந்துவிட்டால் தண்ணீர் தானே உள்ளே பாயும் என்று கணக்கு. விடுமுறையின் கடைசி நாளும் அதுதான். வாய்க்கால் மாதிரி நீளமாக வெட்டி, கடல் பக்கம் மிச்சமிருந்த மணலை உடைத்தோம். தண்ணீர் வந்தது. பாதி தூரம் ஓடியும் வந்தது. ஆனால் ஆழம் போதவில்லை. இரண்டு பக்கமும் மணல் சரிந்து சரிந்து விழுந்தது. வந்த தண்ணீர் அதிலேயே தேங்கி நின்றது. கடல் இறங்கத் தொடங்கியதும் அலை கொண்டுவந்த மணலும் சேர்ந்து, நாங்கள் ஆறு நாள் வெட்டியது அனைத்தும் எங்கள் கண் முன்னே மட்டமாகிப்போனது.

முந்நூறு பேரும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். என்னைக் கேலி செய்தவர் மண்வெட்டிக் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து படகுகளுக்குப் போனோம்.

இனி யாரும் வரமாட்டார்கள், நான் மறுநாள் கல்லூரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் பையை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தால், பழவேற்காட்டுக்குப் போகும் படகுக்குப் பக்கத்திலேயே முகத்துவாரத்துக்குப் போகும் படகுகள் நின்றன. ஆட்கள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட ஆள் போகவில்லை, கூட்டம் போடவில்லை, யாரும் யாருக்கும் ஆறுதல் சொன்னதாகவும் தெரியவில்லை. பஞ்சாயத்துக்காரர் மட்டும், "பவுர்ணமிக்கு இன்னும் பதினஞ்சு நாள் கீது. இந்தவாட்டி கழுத்தாழம் வெட்றோம்" என்றார்.

நான் பையைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டு வந்து படகில் ஏறினேன்.

"லீவு முடிஞ்சிபோச்சேடி" என்று அம்மா பின்னாலேயே வந்து கத்தினாள்.

"இன்னும் நாலு நாள் இருக்கு" என்று பொய் சொன்னேன். நாலு நாள் கழித்து, "இன்னும் ஒரு வாரம் நீட்டிட்டாங்க" என்றேன். அம்மா என்னையே பார்த்தாள். நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது.

அந்தப் பதினைந்து நாளும் கூலிக்கு வேலை செய்கிறவர்களைப் போல இல்லை, வெறி பிடித்தவர்களைப் போல வெட்டினார்கள். சரிந்து விழாமல் இருக்க இரண்டு பக்கமும் பனை மட்டையும் சவுக்குக் கழியும் அடித்தார்கள். டச்சுக்காரன் காலத்தில் படகில் சரக்கை ஏற்றி இந்த வாய் வழியாகத்தான் கடலில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோனார்களாம், அத்தனை ஆழம் இருந்ததாம் என்று ஒருவர் சொன்னார். "அவன் கப்பலு கெடக்கட்டும், நம்ம எறா வந்தா போதும்" என்று இன்னொருவர் சொல்ல, வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வரிசையில் நான் 'இன்னா' என்றால் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

பௌர்ணமியன்று எல்லா ஊர்ப் பெண்களும் குழந்தைகளோடு வந்துவிட்டார்கள். நைனாவையும் படகில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள் அம்மா. காலை எட்டு மணி இருக்கும். கடல் பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் மணல் திட்டை விட்டு வைத்திருந்தார்கள். ஆறு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கயிற்றின் மறுமுனையைக் கரையில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். பிறகு அந்த ஆறு பேரும் கடைசி மணலை வெட்டினார்கள்; வெட்டியதும் அவர்களைக் கயிற்றோடு மேலே இழுத்துக்கொண்டார்கள்.

முதலில் வந்த தண்ணீர் என் பின்னல் தடிமனுக்குத்தான் இருந்தது. வாய்க்காலின் நடுவில் வந்து தயங்கியது. மணல் அதைக் குடித்துவிட்டது. என் பக்கத்தில் நின்ற பெண் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அலை வந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர். அதுவும் நின்றது. மூன்றாவது அலை வந்தபோது அந்தக் கோடு அறுபடாமல் நீண்டு, நெளிந்து, ஏரியைத் தொட்டது.

அதற்குப் பிறகு நடந்ததற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. கடலே வெட்ட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் இத்தனை நாள் பாடுபட்டு வெட்டிய அகலத்தை அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மடங்காக்கியது. அடித்து வைத்த கழிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போயின. பாளம் பாளமாக மணல் விழுந்தது. "கரைய வுட்டு ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தினார்கள். நான் ஏறவில்லை. கால் நகரவில்லை. என் காலடியில் மணல் இளகுவது தெரிகிறது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. யாரோ பின்னாலிருந்து தாவணியோடு சேர்த்து என்னை இழுத்துத் தள்ளினார்கள். திரும்பிப் பார்த்தால் நான் நின்றிருந்த இடம் இல்லை.

இரைச்சலோடு கடல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பச்சை நிறத் தண்ணீர், கலங்கிக் கிடந்த ஏரித் தண்ணீருக்குள் விசிறி மாதிரி விரிந்துகொண்டே போனது. அதன் நுனியில் மடவை மீன்கள் கூட்டமாகத் துள்ளின. அந்தச் சுண்ணாம்புக்குளத்துக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பியபடி நின்றார். அவர் தாடையெல்லாம் கண்ணீர். இவ்வளவு பெரிய ஒன்று அந்த மணலுக்கு அந்தப் பக்கம் இத்தனை நாளும் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. நாங்கள் செய்ததெல்லாம் கூடை கூடையாக மண்ணை நகர்த்தியதுதான்.

நைனா என் கையை வாங்கி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்பு காய்த்திருந்தது. "நாளைக்காவது காலேஜுக்குப் போவியா?" என்று கேட்டார். என் பொய்யெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. "போறேன் நைனா" என்றேன்.

போனேன். ஆனால் படிப்பதற்கு இல்லை. பதிமூன்று வேலை நாள் போயிருந்தது. இரண்டாவது இன்டர்னலுக்கு எட்டு நாள்தான் பாக்கி. வந்திருந்த நாளிலேயே ஒன்பது வாங்கியவள், வராத நாளுக்கு என்ன வாங்குவேன்? டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்து நைனா காலடியில் வைத்துவிட்டு, இறால் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். கடல் திறந்ததைப் பார்த்த அந்தப் பிரமிப்பு அந்த ஒன்பதுக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

வகுப்புப் பக்கமே போகாமல் நேராக ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். கிளார்க் இன்னும் வரவில்லை. அப்போது வராந்தாவில் என் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. என்னைப் பார்த்ததும் நடையை நிறுத்தினாள்.

"எங்கடி போயிட்ட?" என்றாள், ஏதோ பத்து வருடம் பழகியவள் மாதிரி.

"ஊர்ல வேலை" என்றேன்.

"இரு, இங்கயே இரு. போயிடாத" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு கட்டுக் காகிதம். கோடு போட்ட தாள்கள், ஓரத்தில் துளையிட்டு நூலால் கோத்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். நீல நிறத்தில் கொஞ்சம் மங்கலான எழுத்து. கார்பன் தாள் வைத்து எடுத்த நகல். ஐந்து பாடத்துக்கும் தனித்தனியாக, தேதி போட்டு, பதிமூன்று நாளுக்கும் இருந்தது.

"இது யாருக்கு?" என்று கேட்டேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன்.

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

"நான் உன்கிட்ட கேக்கவே இல்லியே."

அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உன் நம்பர் இருபத்திமூணு. என்னுது இருபத்திநாலு. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சார் இருபத்திமூணும்பாரு, யாரும் பேசமாட்டாங்க. அப்புறம் நான் பிரசென்ட் சொல்லணும். தினமும் அந்த எடத்துல எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சி. மொத ரெண்டு நாள் ஜொரமோன்னு நெனச்சேன். மூணாம் நாள்லேர்ந்து கார்பன் வெச்சிட்டேன். அந்த ரெண்டு நாள் நோட்ஸ மட்டும் அப்புறமா பாத்து எழுதினேன்."

கார்பன் வைத்து எழுதுவதென்றால் அழுத்தி எழுத வேண்டும். ஐந்து வகுப்பு, பதினோரு நாள். அவளுடைய நடுவிரலைப் பார்த்தேன். பேனா பதிந்த இடத்தில் சிவந்து, தோல் தடித்திருந்தது. என் உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை.

"நான் வராமயே போயிருந்தா?"

"வந்துட்டியே" என்றாள்.

ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு கிளார்க் வந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளோடு வகுப்புக்குப் போனேன். அன்று கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை. அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வருகைப் பதிவு குறைந்ததற்கு விளக்கம் கேட்டுத் துறைத்தலைவர் கூப்பிட்டார். உடம்பு சரியில்லை என்று எழுதித் தந்தால் வம்பில்லை என்று சிலர் சொன்னார்கள். நான் 'ஏரி முகத்துவாரம் வெட்டப் போனேன்' என்றே எழுதிக்கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொண்ணுங்க அந்த வேலைக்குப் போறதில்லையேம்மா?"

"எங்க வீட்ல நான்தான் சார் போனேன்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த எட்டு நாளும் விடியுமுன்பே முதல் படகில் கிளம்பிவிடுவேன். அவளும் ஒரு ரயில் முன்னதாக வருவாள். வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் புரட்டுவோம். ரியல் அனாலிசிஸ் பக்கங்களில் அங்கங்கே ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, 'இங்க எனக்கும் புரியல' என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியத்தைச் சொல்லி முடியாது. வகுப்பில் எல்லாருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும்தான் இல்லை என்றல்லவா ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்! புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு இரண்டு பேருமாக ஆசிரியரிடம் போய் நின்றோம். அவர் திட்டவில்லை. சந்தோஷமாகவே மறுபடி சொல்லிக்கொடுத்தார். அதுவரை அவரிடம் யாரும் போய்க் கேட்டதில்லையாம்.

இரண்டாவது இன்டர்னலில் அதே பாடத்தில் ஐம்பதுக்கு முப்பத்தொன்று வாங்கினேன். அவள் இருபத்தொன்பது. என்னை முறைத்துவிட்டு, சிரித்துவிட்டாள். செமஸ்டர் தேர்வில் இரண்டு பேருமே எல்லாப் பாடத்திலும் தேறினோம். அந்த வருடம் ஏரியில் இறால் அள்ளிக் குவிந்தது. கால் ஆறியதும் நைனா தன் பாடு நாளில் வலை கட்டப் போனார். அடுத்த விடுமுறைக்கு அவளைப் படகில் ஏற்றி முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். இத்தனை அகலமான நீரோட்டத்தைக் கூடையால் திறந்தோம் என்று சொன்னால் அவள் நம்பவே இல்லை.

இப்போது நான் கணித ஆசிரியை. அவள் திருமணமாகி வடக்கே எங்கோ போய்விட்டாள். கொஞ்ச வருடம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. கடல் மணலை உடைத்துக்கொண்டு ஏரிக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். இருந்தாலும், என் வாழ்க்கையிலேயே என்னை மலைக்க வைத்தது எது என்று யாராவது கேட்டால், முதலில் நினைவுக்கு வருவது அந்த நீல எழுத்துத்தான். இனி திரும்பப் போவதில்லை என்று நானே என்னைக் கைவிட்டிருந்த நாட்களில், நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஒருத்தி, நான் வந்துவிடுவேன் என்று எனக்கும் சேர்த்துத் தினமும் அழுத்தி எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.